வேண்டியது உங்கள் உழைப்பா, உங்கள் பெயரா?

(வேலை, சம்பளம், அலுவலகம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுபவர், முப்பத்தொரு ஆண்டுகள் நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 36. பன்னிரண்டு வருடங்களாக ஒரே நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். இயந்திர உதிரிபாகம் செய்யும் நிறுவனம். இந்தத் துறையில் உள்ள சப்ளையர்கள் எல்லாருக்கும் என்னை நன்றாகத் தெரியும். இப்போது இதே துறையில் உள்ள இன்னொரு பெரிய நிறுவனம் என்னைக் கொள்முதல் தலைவராக வரச் சொல்கிறது. 40 சதவீதம் கூடுதல் சம்பளம், கொஞ்சம் பங்குகளும் தருகிறார்களாம். ஆனால் அந்த நிறுவனம் இரண்டு வருடமாக நஷ்டத்தில் ஓடுகிறது. போன வருடம் ஆடிட்டர் பாதியில் விலகினார், அடுத்த மாதமே நிதித் தலைவரும் போனார். இரண்டு முறை சம்பளம் தள்ளிப் போனதாக அங்கே வேலை பார்க்கும் தோழி சொல்கிறாள். நேர்காணலில் இதைக் கேட்டபோது, “அதெல்லாம் பழைய கதை” என்று சிரித்தார்கள். கணவர் வேண்டாம் என்கிறார். இங்கேயே இருந்தால் எனக்கு மேலே போக வழியில்லை. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் நான் நின்றது சப்ளையர்கள் பற்றிய அந்த ஒரு வரியில்தான். நஷ்டம், ஆடிட்டர், தோழி எல்லாம் அப்புறம். இதை முதலில் பார்ப்போம்.

கையில் காசில்லாத நிறுவனம் ஏன் 40 சதவீதம் கூட்டித் தருகிறது? உங்கள் திறமைக்கு என்று சொல்வார்கள். திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காசு தட்டுப்பாடான இடத்தில் கொள்முதல் தலைவர் செய்யும் வேலை, பேரம் பேசிச் சரக்கு எடுப்பதைவிட, பாக்கி வராமல் கடுப்பில் இருக்கும் சப்ளையரிடம் “அடுத்த வாரம் கண்டிப்பாகப் போட்டுவிடுகிறோம், இந்த லோடை மட்டும் அனுப்புங்கள்” என்று கேட்பது. அதை யார் கேட்டால் அனுப்புவார்கள்? பன்னிரண்டு வருடமாகச் சொன்ன தேதியில் பணம் வாங்கிக் கொடுத்த ஒருவர் கேட்டால் அனுப்புவார்கள். அந்த நிறுவனத்துக்கு இன்று சந்தையில் கடன் கிடைக்காது. உங்கள் பேருக்குக் கிடைக்கும். அதைத்தான் அவர்கள் மாதச் சம்பளத்துக்கு எடுக்கப் பார்க்கிறார்கள் என்பது என் சந்தேகம். சந்தேகம்தான். ஆனால் முப்பத்தொரு வருடம் கணக்கறையில் உட்கார்ந்தவளின் சந்தேகம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்பது வயதில் ஒரு நிறுவனத்தில் கணக்கு மேலாளராகச் சேர்ந்தேன். பழைய இடத்தில் நான் வெறும் உதவியாளர். இங்கே தனி அறை, வாசலில் பெயர்ப் பலகை. இரண்டாம் நாள் பிரிண்டருக்கு மை கொண்டுவந்த பையன், டப்பாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். “மேடம், காசு கொடுத்தால்தான் வைக்கச் சொன்னார்கள்.” ஒரு மை டப்பாவுக்குக்கூட இந்த நிறுவனத்தை நம்ப ஆளில்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்த வரிசை புரிந்தது. பணம் வற்றும் நிறுவனத்தில் எல்லாம் ஒரே நாளில் நிற்பதில்லை. முதலில் சத்தம் போட முடியாதவர்களுக்கு நிற்கும்: எழுதுபொருள் தருபவர், துப்புரவு ஒப்பந்தக்காரர், கூரியர். அடுத்தது பயணப்படி. ஊழியர் கைக்காசைப் போட்டுப் போய்வந்திருப்பார், பில் மூன்று மாதம் “அப்ரூவலில்” கிடக்கும். அதற்கடுத்தது மோசமானது. சம்பளத்திலிருந்து வரிக்கும் ஓய்வுக்கால நிதிக்கும் பிடித்த தொகையைக் கட்டாமல் நிறுவனமே புரட்டிக்கொள்ளும். சம்பளச் சீட்டில் பிடித்தம் ஒழுங்காக இருக்கும், கட்ட வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்திருக்காது. இத்தனைக்கும் பிறகுதான் சம்பளத்தில் கை வைப்பார்கள். அதனால் சம்பளம் தள்ளிப் போனதை ஆரம்ப அறிகுறி என்று நினைக்காதீர்கள். அதற்கு முன்பே பல பேருக்கு நின்றுபோயிருக்கும்.

உங்கள் தோழியிடம் சம்பளத்தைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம். பயணப்படி பில் எத்தனை நாளில் வருகிறது, பிடித்த தொகை அவள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிட நல்ல வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்களுக்குச் சரக்கு தருபவர்களில் நாலைந்து பேராவது அவர்களுக்கும் தருவார்கள். அவர்களிடம் பேச்சோடு பேச்சாக, “அங்கே கடனுக்குக் கொடுக்கிறீர்களா, முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். வங்கி அதிகாரிக்குக்கூடக் கிடைக்காத தகவல் அது. ஆனால் உங்களுக்கு வேலை வந்திருப்பதை மூச்சுவிடாதீர்கள். சப்ளையர் உலகத்தில் காற்றுக்கும் காது உண்டு.

நஷ்டத்தைப் பற்றி உங்கள் கணவர் பயப்படுவது நியாயம். ஆனாலும் நஷ்டம் என்ற ஒரு சொல்லை வைத்து முடிவெடுக்க முடியாது. லெகோ பொம்மை நிறுவனம் 2003-லும் 2004-லும் பெரிய நஷ்டம் கண்டது. குழந்தைகளுக்கு அந்தக் கட்டைகள் சலித்துவிடவில்லை. நிறுவனம்தான் சம்பந்தமில்லாத தொழில்களில் எல்லாம் காலை விட்டிருந்தது. 2004-ல் தலைமைக்கு வந்த யோர்கன் விக் நுட்ஸ்டார்ப், அந்தக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் தலைவர். அவர் காலத்தில் கட்டைகளின் வகைகளைக் குறைத்தார்கள், தீம் பார்க்குகளின் பெரும் பங்கை 2005-ல் விற்றார்கள், நிறுவனம் நிமிர்ந்தது. கோடாக் கதை வேறு. டிஜிட்டல் கேமராவின் முதல் மாதிரியை 1975-ல் செய்தது அதன் பொறியாளர்தான். ஆனால் நிறுவனம் பிழைத்தது ஃபிலிம் விற்று. ஃபிலிமே தேவைப்படாமல் போனபின் செலவைக் குறைத்து என்ன பயன்? 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான்: அவர்கள் செய்யும் பொருளை வாங்க ஆள் இருக்கிறதா? ஆள் இருந்து, கடன் மட்டும் கழுத்தை நெரிக்கிறது என்றால் நல்ல நிர்வாகத்தால் மீட்க முடியும். அதே துறையில் இருப்பதால் இதற்கான விடை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது வகைப் பிரச்சினைக்கு மருந்தே இல்லை. கணக்கே பொய்யாக இருப்பது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் வெளியானபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். கணக்குப் பிரிவில் அன்று யாருக்கும் வேலை ஓடவில்லை. கணக்கில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அவரே எழுதியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் சிறந்த நிர்வாகத்துக்கான விருது ஒன்றை அந்த நிறுவனம் வாங்கியிருந்தது. அந்த விருது வாங்கிய சமயத்தில் அங்கே சேர்ந்த பையன் வீட்டில் யாரும் “வேண்டாம்” என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரறிந்த நஷ்டத்தைவிடப் பொய்யாகக் காட்டிய லாபம்தான் எனக்குப் பயம். இதையும் சொல்லிவிட வேண்டும்: அரசு புது நிர்வாகக் குழுவை அமர்த்தி, ஏப்ரலிலேயே டெக் மஹிந்திரா ஏலத்தில் எடுத்தது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் தெருவுக்கு வந்துவிடவில்லை.

அதனால்தான் ஆடிட்டர் விலகியதை லேசாக விடாதீர்கள். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் ஆண்டறிக்கையும் சந்தைக்குக் கொடுத்த அறிவிப்புகளும் பொதுவில் கிடைக்கும். விலகியதற்கான காரணத்தைத் தேடிப் பாருங்கள். “வேறு பணிகள் காரணமாக” என்றால் அது மரியாதை. “கேட்ட விவரங்கள் தரப்படவில்லை” என்று இருந்தால் மேற்கொண்டு யோசிக்க எதுவும் இல்லை, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். புது ஆடிட்டரின் அறிக்கையில் “நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் ஐயம்” என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் ரொக்க ஓட்ட அறிக்கையில் ஒரே ஒரு எண்: தொழில் நடத்தியதால் வந்த ரொக்கம். லாபத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் (நானே எழுதியிருக்கிறேன், சட்டத்துக்கு உட்பட்டுத்தான்), ரொக்கத்தை அப்படி வளைப்பது கஷ்டம்.

இந்த மாதிரி நேரத்தில் யாராவது உங்களுக்கு, பின்னாளில் ஆப்பிளின் தலைமை நிர்வாகியான டிம் குக் கதையைச் சொல்வார்கள். 1998-ல் அவர் கம்ப்யூட்டர் உலகின் பெரும்புள்ளியான காம்பாக்கை விட்டு ஆப்பிளுக்குப் போனார். ஆப்பிள் 1997 நிதியாண்டில் நூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டம் கண்டிருந்தது. அவர் ஆலோசனை கேட்ட ஒரு நிறுவனத் தலைவர், போனால் நீ முட்டாள் என்றே சொன்னாராம். 2010-ல் ஆபர்ன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அவரே இதைச் சொன்னார். காம்பாக் 2002-ல் எச்.பி.யோடு கரைந்தது, ஆப்பிள் என்னவாயிற்று என்று நான் சொல்ல வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கதை சொல்பவர்கள் விட்டுவிடும் பாதி ஒன்று உண்டு. 1997 ஆகஸ்டிலேயே மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் போடுவதாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபர்-டிசம்பர் காலாண்டில் ஆப்பிள் லாபத்துக்கும் திரும்பியிருந்தது. குக் சேர்ந்தது அதற்குப் பிறகு. குதித்தார் என்றாலும் கிணற்றில் தண்ணீர் இருந்தது. 2008 செப்டம்பர் 15-ல் திவாலான அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸில் அந்தக் கோடையில் சேர்ந்தவர்களும் தைரியசாலிகள்தான், அவர்களை யாரும் பட்டமளிப்பு விழாவுக்குக் கூப்பிடுவதில்லை.

பங்குகளைப் பற்றி இரண்டே வரி. நிறுவனம் கலைந்தால் சொத்து முதலில் அடமானக் கடன்காரருக்குப் போகும், கடைசியில் நிற்பவர் பங்குதாரர். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் ஊழியர்கள் பலர் ஓய்வுக்காலச் சேமிப்பைக்கூட அந்த நிறுவனப் பங்கிலேயே வைத்திருந்தார்கள். 2000 ஆகஸ்டில் சுமார் 90 டாலராக இருந்த பங்கு, 2001 டிசம்பரில் நிறுவனம் திவாலானபோது ஒரு டாலர்கூடப் பெறவில்லை. சம்பளமும் பங்கும் ஒரே இடத்திலிருந்து வந்தால் இரண்டும் ஒரே நாளில் போகும். அதனால் அந்தப் பங்குகளுக்கு உங்கள் கணக்கில் சைபர் போட்டுவிட்டு, மீதியைக் கூட்டிப் பாருங்கள்.

இனி என் கதையின் மிச்சம். சேர்ந்த மூன்றாம் மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, “நீங்கள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி” என்றார். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் கொடுத்தார். பெருமையாக இருந்தது. பிறகு நான் கையெழுத்திட்ட செக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வக்கீல் நோட்டீஸ்கள் நிறுவனத்தின் பெயரோடு என் பெயரையும் போட்டு வந்தன. பதினான்கு மாதத்தில் வெளியேறினேன். கடைசி மூன்று மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை, அதை மறந்துவிட்டேன். மறக்காதது இன்னொன்று. பேக்கிங் பெட்டி செய்து கொடுத்த ஒரு பெரியவர் என் வார்த்தையை நம்பி இரண்டு லோடு கூடுதலாகக் கொடுத்தார். “நீ சொல்கிறாய் என்றுதான் தருகிறேன் அம்மா” என்றார். அவருக்கும் பணம் போகவில்லை. நான் பொய் சொல்லவில்லை. முதலாளி என்னிடம் சொன்னதைத்தான் அவரிடம் சொன்னேன். அவருக்கு அதில் என்ன வித்தியாசம்?

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். இப்போது தெரிந்ததை வைத்துச் சொன்னால், போகாதீர்கள். கணவர் சொல்லும் நஷ்டம் எனக்குக் காரணமில்லை. அந்தச் சிரிப்புதான் காரணம். கஷ்டத்தில் இருக்கும் நல்ல நிர்வாகம், வரப்போகும் ஆளிடம் கஷ்டத்தைச் சொல்லும். சொல்லாமல் கூட்டிவந்தால் இரண்டாம் மாதமே அந்த ஆள் ஓடிவிடுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் பத்து நாள் இருக்கிறதே. ஒரு முறை முதலாளியையோ தலைமை நிர்வாகியையோ நேரில் பார்க்கக் கேளுங்கள். மனிதவளப் பிரிவு வேண்டாம், அவர்களுக்கே தெரியாது. மூன்று விஷயம் கேளுங்கள். புது வருமானம் வராவிட்டால் கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும்? சப்ளையர்களுக்குப் பாக்கி எவ்வளவு, அதில் தொண்ணூறு நாள் தாண்டியது எவ்வளவு? ஒவ்வொரு வாரமும் யாருக்குப் பணம் போக வேண்டும் என்ற பட்டியலை யார் முடிவு செய்வது? கடைசிக் கேள்விதான் உங்களுக்கு உயிர். அந்தப் பட்டியல் உங்கள் கையில் இல்லாமல் சப்ளையருக்குத் தேதி சொல்லும் வேலை மட்டும் உங்களிடம் இருந்தால், அந்தப் பெட்டிக்காரப் பெரியவர் மாதிரி உங்களுக்கும் ஒருவர் கிடைப்பார்.

எண்களோடு பதில் வந்தால், அந்த எண்கள் கேவலமாகவே இருந்தாலும், யோசிக்கலாம். அப்போது இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: வாரப் பட்டியலில் உங்கள் பங்கு, சேரும்போதே ஒரு தொகை, அவர்கள் அனுப்பினால் தர வேண்டிய மாதங்களின் சம்பளம், சம்பளம் குறிப்பிட்ட நாளைத் தாண்டினால் நோட்டீஸ் காலம் இல்லாமல் விலகும் உரிமை. இயக்குநர் பதவியோ, செக்கில் கையெழுத்தோ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பணம் இல்லாத இடத்தில் பதவிப் பெயர் தாராளமாகக் கிடைக்கும். வீட்டில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் தனியாக இருக்கிறதா என்பதை நீங்களும் கணவரும் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன்.

இன்னொன்று. இப்போது இருக்கும் இடத்தில் வளர்ச்சி இல்லை என்கிறீர்கள். அது வேலை தேடக் காரணம். முதலில் கூப்பிட்ட இடத்துக்கே போவதற்குக் காரணமில்லை. 40 சதவீதம் கூட்டித் தர ஒருவர் வந்திருக்கிறார் என்றால் 20 சதவீதம் கூட்டித் தர நல்ல நிறுவனம் ஒன்று இருக்கும். நீங்கள் இன்னும் தேடவே ஆரம்பிக்கவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது.

கேள்வி: என்னை அழைக்கும் நிறுவனம் ஏற்கெனவே திவால் நடவடிக்கையில், நீதிமன்ற மேற்பார்வையில் இருக்கிறது. பராமரிப்புப் பொறியாளர் வேலை. எல்லாரும் பைத்தியமா என்கிறார்கள். நிஜமாகவே பைத்தியக்காரத்தனமா?

பதில்: இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மேலே கடிதம் எழுதிய பெண்ணைவிட நீங்கள் பத்திரமான இடத்தில் நிற்கலாம். திவால் மனு போடுவதற்கு முந்தைய பாக்கிகள் எல்லாம் வரிசையில் நிற்கும். மனுவுக்குப் பிறகு நிறுவனத்தை ஓட்ட ஆகும் செலவு வேறு கணக்கு. அமெரிக்காவின் ‘சாப்டர் 11’ முறையில் (நிறுவனத்தை ஓட்டிக்கொண்டே கடனைச் சீரமைக்கும் திவால் வழி), மனுவுக்குப் பின் செய்த வேலைக்கான சம்பளம் நிர்வாகச் செலவாக, பழைய சாதாரணக் கடன்களுக்கு முன்னால் வரும். வேறு பல நாடுகளிலும் இதே போக்குதான். மனுவுக்கு முந்தைய மாதம் சேர்ந்தவர்தான் பாவம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1992-ல் கொண்டுவந்த 173-ஆம் உடன்படிக்கை, திவாலுக்கு முந்தைய குறைந்தது மூன்று மாதச் சம்பளத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. அதை ஏற்ற நாடுகள் குறைவு.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான். நிறுவனத்தை ஓட்டி விற்கப் போகிறார்களா, பிரித்து விற்கப் போகிறார்களா? ஓட்டுவதானால் பராமரிப்புப் பொறியாளர் இல்லாமல் முடியாது, வாங்க வருபவரும் முதலில் இயந்திரங்களைத்தான் சுற்றிப் பார்ப்பார். பிரிப்பதானால் உங்கள் வேலை கடைசி இயந்திரம் லாரியில் ஏறும்வரை. அதுவும் மோசமில்லை, காலம் தெரிந்தால் சரி. நீதிமன்றம் நிர்வாகி ஒருவரை நியமித்திருந்தால், பணி நியமனக் கடிதத்தில் அவர் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது பழைய முதலாளி கையெழுத்துப் போட்ட கடிதத்தை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள்.

கேள்வி: இப்போதுதான் படிப்பை முடித்தேன். வந்திருப்பது ஒரே ஒரு வேலை, அதுவும் மூடப்போவதாகப் பேச்சு அடிபடும் நிறுவனம். சேரலாமா அம்மா?

பதில்: சேரு தம்பி. உனக்குக் குடும்பமும் இல்லை, கெடுவதற்குப் பெயரும் இன்னும் வரவில்லை. ஆள் குறைந்த அலுவலகத்தில் மூன்று பேர் வேலை உன் தலையில் விழும், ஆறு மாதத்தில் நிறையக் கற்றுக்கொள்வாய். மூலச் சான்றிதழ்களைக் கொடுக்காதே, முன்பணம் என்று எது கேட்டாலும் கட்டாதே, இத்தனை வருடம் இருப்பேன் என்று பத்திரம் எழுதிக் கேட்டால் எழுந்து வந்துவிடு. ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும் அன்றன்றே உன் சொந்த மின்னஞ்சலில் சேர்த்து வை. நிறுவனம் மூடும் நாளில் முதலில் அணைவது அதன் சர்வர்தான். சேர்ந்த இரண்டாம் நாள், பிரிண்டருக்கு மை யார் கொண்டுவருகிறார், எப்படிக் கொடுக்கிறார் என்று கொஞ்சம் நின்று பார்.